தாயும் சேயும் ஒரே விடுதியில்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் வரி, ஓய்வூதியம், வீட்டுக்கடன் என்று என் தொழிலோடு ஒட்டிய விடயங்களைத்தான் எழுதி வருகிறேன். இம்மாத உரை அவற்றிலிருந்து விலகியது. பிள்ளை பெற்ற பின்னர் பெண்களுக்கு வரும் மனச்சோர்வை இந்த நாட்டு வைத்தியசாலைகளும் தாதியரும் எப்படிக் கவனித்து வந்திருக்கிறார்கள் என்ற வரலாறுதான் இன்றைய பேச்சு. கணக்கு எழுதும் மனிதனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள், கணக்கும் இதற்குள் வருகிறது.

"மனம் சரியில்லையென்று டொக்டரிட்டைச் சொன்னால் சோஷியல் சேர்விஸ் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிடுமாமே?" இந்தக் கேள்வி எமது நிலையத்துக்குப் பல முறை வந்திருக்கிறது. கேட்பவர் பெயர் சொல்வதில்லை. "எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளைக்கு" என்றுதான் தொடங்குவார்கள். சில வேளை பாட்டி கேட்பார், சில வேளை கணவன். அந்தத் தாய் தானே கேட்டது மிகக் குறைவு. வீட்டுக்கு வரும் ஹெல்த் விசிட்டருக்குத் தேநீர் கொடுத்து, சிரித்த முகத்தோடு "எவ்ரிதிங் ஓகே" என்று சொல்லி அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தியபின் அழுகிற வீடுகள் எம்மிடையே இருக்கின்றன. அதற்குக் காரணம் இந்தப் பயம்.

ஒரு சிறு தொண்டு அமைப்பின் ஆண்டுக் கணக்குகளைப் பரிசீலிக்கும் வேலை என்னிடம் வந்தபோதுதான் நான் இந்த விடயத்துக்குள் நுழைந்தேன். செலவுப் பட்டியலில் மிகப் பெரிய தொகை வீட்டுக்குப் போய்வரும் பயணச் செலவு. மருந்தில்லை, கருவியில்லை, கட்டடமில்லை. ஒருவர் காரில் போய், ஒரு தாயின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறார். இதற்கு ஏன் காசு என்று கேட்பது என் தொழில். கேட்டேன். கிடைத்த விடை என்னை 1800களுக்குக் கொண்டுபோய் விட்டது.

முதலில் ஒரு தெளிவு. மூன்று வேறு நிலைகளை எம்மவர்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். பிள்ளை பிறந்து மூன்றாம், நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது தாய்மாரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நடக்கிறது. சில நாளில் தானாகவே போய்விடும். இரண்டாவது, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கும் மனச்சோர்வு. நூறு தாய்மாரில் பத்து முதல் பதினைந்து பேருக்கு இது வருகிறது. மூன்றாவது, ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், திடீரென்று வரும் கடும் மனநோய். நித்திரை இல்லாமை, குழப்பம், இல்லாததைக் காண்பது, கேட்பது என்று மணிக்கணக்கில் நிலைமை மாறும். ஊரில் "பேய் பிடித்தது", "சன்னி கண்டது" என்று சொன்னவற்றில் சில இதுவாக இருந்திருக்கலாம். இது அவசர வைத்தியம் வேண்டிய நோய். சரியாகக் கவனித்தால் பெரும்பாலானோர் முழுமையாகக் குணமாகிறார்கள்.

இந்த மூன்றாவது நிலையைத்தான் பழைய வைத்தியர்கள் முதலில் கவனித்தார்கள். இலண்டனில் ரொபேட் கூச் 1820இல் இதைப்பற்றி எழுதினார். பாரிசில் லூயி விக்டர் மார்சே 1858இல் ஒரு முழு நூலே எழுதினார். கர்ப்பிணி, பிள்ளை பெற்றவள், பாலூட்டுபவள் என்று மூவரின் மனநோய்களையும் தனித்தனியே ஆராய்ந்த நூல் அது. மார்சே இளவயதிலேயே 1864இல் இறந்துபோனார். அவர் பெயரில் 1980இல் ஒரு சர்வதேசச் சங்கம் அமைந்தது, இன்றும் இயங்குகிறது. விக்டோரியா மகாராணி காலத்துப் பைத்தியசாலைகளின் பதிவேடுகளில் பெண் நோயாளர் பலரின் பெயருக்கு எதிரே நோய்க்காரணம் "பிள்ளைப்பேறு" என்று எழுதப்பட்டிருந்தது. அக்காலப் பராமரிப்பு முழுக்கக் கொடுமையானது என்று சொல்ல முடியாது. நல்ல சாப்பாடு, பால், முட்டை, நித்திரை, அமைதி, பக்கத்தில் ஒரு தாதி. எங்கள் பத்தியச் சாப்பாட்டின் தத்துவம்தான். பலர் சில மாதங்களில் சுகமாகி வீடு திரும்பினார்கள் என்றும் அந்தப் பதிவேடுகளே காட்டுகின்றன.

ஆனால் ஒரு விதியில் எல்லோரும் ஒன்றாக இருந்தார்கள். பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். வீட்டிலிருந்தும் கணவனிடமிருந்தும் கூட விலக்க வேண்டும். வசதியுள்ளவர்கள் வாடகை வீடு எடுத்து, தாதியை அமர்த்தி, மனைவியைத் தனியே வைத்தார்கள். ஏழைப் பெண் பைத்தியசாலைக்குப் போனாள். பிள்ளை உறவினரிடமோ, காசுக்குப் பிள்ளை வளர்ப்பவரிடமோ, அநாதைகளும் வறியவரும் வாழ்ந்த இல்லத்திற்கோ போனது. அக்காலத்தில் தாய்ப்பால் இல்லாத பச்சைக் குழந்தை எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீடுகளில் இருக்கும் பயத்துக்கு இந்த நாட்டில் ஒரு பழைய நியாயம் இருந்தது. அதை மறுக்க வேண்டியதில்லை.

சட்டம் வைத்தியத்தைவிட முன்னதாக ஒரு படி வைத்தது. 1922இல் இங்கிலாந்தில் வந்த சட்டமும், அதை விரித்து 1938இல் வந்த சட்டமும், பிள்ளைப்பேற்றால் தாயின் மனம் நிலைதடுமாறக் கூடும் என்பதை ஏற்றுக்கொண்டன. அதற்குமுன் கொலைக்குற்றமாகப் பார்க்கப்பட்ட சில மிகத் துயரமான சம்பவங்கள் அதன்பின் வேறு கண்ணால் பார்க்கப்பட்டன. ஆனால் நடந்து முடிந்த பிறகு இரக்கம் காட்டுவது சட்டத்தின் வேலை. நடக்காமல் பார்ப்பதற்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

மாற்றம் தென்மேற்கு இலண்டனில், ரிச்மண்டுக்குப் பக்கத்திலுள்ள ஹாம் என்ற இடத்தில் தொடங்கியது. அங்கே கசல் வைத்தியசாலையின் பொறுப்பாளராக இருந்தவர் தோமஸ் மெயின். இரண்டாம் உலக யுத்தத்தில் மனம் உடைந்த படைவீரர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். 1948இல் மனநோயுற்ற ஒரு தாயை அவளுடைய சிறு பிள்ளையோடு சேர்த்து அவர் வைத்தியசாலையில் அனுமதித்தார். தொடக்கத்தில் இதொரு விதிவிலக்கு. சில ஆண்டுகளில் அதுவே அந்த வைத்தியசாலையின் வழக்கமாயிற்று. 1958இல் "லான்செட்" என்ற வைத்திய சஞ்சிகையில் இந்த அனுபவத்தை அவர் எழுதினார். அங்கே தாதியர் தலைவியாக இருந்தவர் டொறின் வெடல். நோயாளிக்காக எல்லாவற்றையும் தாதியே செய்துகொடுக்காமல், நோயாளியோடு சேர்ந்து செய்யும் தாதியத்தை வளர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். தாயைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டுப் பிள்ளையைத் தாதி தூக்கிக்கொண்டு போனால், "உன்னால் ஏலாது" என்றுதான் அந்தத் தாய்க்குப் புரியும். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது தாதி பக்கத்தில் நின்று துவாயை நீட்டினால், அதன் பொருள் வேறு.

அதே காலத்தில் ஜோன் போல்பி, தாயைப் பிரிந்த பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்று உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் அறிக்கை எழுதினார். 1952இல் ஜேம்ஸ் ரொபேட்சன் வைத்தியசாலையில் தனியே விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படம்பிடித்துக் காட்டினார். அந்தப் படத்தைப் பார்த்த வைத்தியர்கள் பலர் முதலில் கோபப்பட்டார்களாம். பிள்ளைக்குத் தாய் வேண்டும் என்ற பேச்சு நாடெங்கும் எழுந்திருந்ததால், மனநோய் விடுதியிலும் அதே கேள்வி எழுவது இயல்புதானே.

கசல் வைத்தியசாலையில் இருந்தவர்கள் அவ்வளவு கடுமையாக நோயுற்றவர்கள் அல்லர். கடும் மனநோயுற்ற தாயையும் பிள்ளையோடு வைத்திருக்கலாமா? மேற்கு மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் குவென் டக்ளஸ் என்ற பெண் வைத்தியர் அதைச் செய்து பார்த்து 1956இல் எழுதினார். ஹவுன்ஸ்லோ பக்கத்து நேயர்களே, எம்மவர் பலர் பிள்ளை பெற்ற அதே வைத்தியசாலைதான். 1959இல் சறே மாவட்டத்தில் பான்ஸ்டெட் வைத்தியசாலையில் தாய்க்கும் சேய்க்கும் என்றே தனி விடுதி திறக்கப்பட்டது. அங்கே பேக்கர் என்ற வைத்தியரும் அவர் குழுவினரும் பிள்ளையோடு அனுமதிக்கப்பட்ட தாய்மாரையும், முன்னர் பிள்ளையில்லாமல் அனுமதிக்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டு 1961இல் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளையோடு இருந்தவர்கள் விரைவில் வீடு திரும்பினார்கள், திரும்பியபின் நோய் மீண்டும் வந்தது குறைவு. பான்ஸ்டெட் வைத்தியசாலை 1986இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது சிறைச்சாலை இருக்கிறது. இந்த நாட்டில் பழைய கட்டடங்களுக்கு நேர்வதைப் பார்க்கும்போது சில வேளை சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை.

இப்படியான விடுதியில் தாதியின் வேலை எவ்வளவு நுணுக்கமானது என்று பாருங்கள். இரண்டு நோயாளரல்ல, ஒரு நோயாளியும் ஒரு சுகதேகியான சிசுவும். பிள்ளையின் பாதுகாப்பைக் கண்ணை விட்டு எடுக்கக் கூடாது, ஆனால் தாய்க்குத் தான் கண்காணிக்கப்படும் குற்றவாளி என்ற எண்ணமும் வரக்கூடாது. முதல் நாட்களில் இரவில் பிள்ளையைத் தாதியர் பார்ப்பார்கள், தாய் நித்திரை கொள்ளட்டும் என்று. நித்திரை இங்கே மருந்தைப்போல முக்கியமானது. தாய் தேறத் தேற, ஒரு பால் போத்தல், ஒரு குளிப்பு, பிறகு ஒரு முழுப்பகல் என்று பொறுப்பு அவளிடம் திரும்பும். பிள்ளையின் முகம் பார்த்துக் கதைக்கவும் விளையாடவும் தாயைத் துணிவூட்டுவார்கள். மனச்சோர்வில் முதலில் அறுந்து போவது அந்தக் கதைதான். கணவனும் வந்து இருக்கலாம். வீட்டுக்கு அனுப்புமுன் ஓரிரவு, ஒரு வாரஇறுதி என்று விட்டுப் பார்ப்பார்கள். பெக்கென்ஹாமில் உள்ள பெத்லெம் வைத்தியசாலையில் இதை ஒரு பெரும் துறையாக வளர்த்தவர் பேராசிரியர் சானி குமார். 2000ஆம் ஆண்டில் காலமானார். அங்குள்ள தாய் சேய் விடுதி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆங்கிலத்தில் கூச்சல் குழப்பத்தைக் குறிக்கும் "பெட்லம்" என்ற சொல் அந்த வைத்தியசாலையின் பெயரிலிருந்து பிறந்ததென்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். மந்திகை, அங்கொடை என்ற ஊர்ப்பெயர்களை நாங்கள் என்ன செய்து வைத்திருக்கிறோமோ, அதையே வெள்ளைக்காரரும் செய்திருக்கிறார்கள்.

ஆனால் விடுதிக்குப் போகுமளவு நோயுற்றவர்கள் மிகச் சிலர். வீட்டிலேயே, யாருக்கும் தெரியாமல், அடுப்படியில் அழுதுகொண்டிருந்தவர்களின் கணக்கை யார் பார்த்தார்கள்? கிழக்கு இலண்டனில், வைட்சப்பலில் உள்ள இலண்டன் வைத்தியசாலையில் பிறைஸ் பிற் என்ற வைத்தியர் 305 பெண்களை ஆராய்ந்து 1968இல் எழுதினார். அவர்களில் ஏறத்தாழ 11 வீதமானோருக்குப் பிள்ளைப்பேற்றின் பின் மனச்சோர்வு. அதுவரை இந்தப் பெண்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அடுத்த கேள்வி, இது வெள்ளைக்காரருக்கு மட்டும் வரும் வருத்தமா? எம்மவர்களும் இதை அடிக்கடி கேட்கிறார்கள், "எங்கடை அம்மாக்கள் பத்துப் பெற்றவை, அவைக்கு உது வந்ததோ?" என்று. இதே கேள்வியோடு ஜோன் கொக்ஸ் என்ற வைத்தியர் 1970களில் உகண்டாவின் கம்பாலாவுக்குப் போனார். அங்கே பிள்ளைப்பேற்றின் பின் வரும் ஒரு நோய்க்கு "அமகிரோ" என்று பெயர் இருந்தது. கர்ப்ப காலத்தில் ஒழுக்கம் தவறியவளுக்கு வருவது என்று ஊரார் நம்பினார்கள். பெண்ணுக்கு வருத்தம் வந்தால் அவள் நடத்தையைச் சந்தேகிப்பது எங்கும் உள்ளதுதான் போலும். கொக்ஸ் ஆராய்ந்தபோது, அங்கும் பத்தில் ஒருவர் அளவில் மனச்சோர்வு இருந்தது. பிறகு வேலூருக்கு அருகே கிராமங்களில், 2002இல் வெளியான ஆய்வில், புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் 11 வீதம். வைட்சப்பல், கம்பாலா, வேலூர். அளந்த முறைகள் வேறு வேறு, ஒரேயடியாக ஒப்பிட முடியாது. இருந்தாலும் மூன்று கணக்கும் இவ்வளவு கிட்ட வருவதைப் பார்த்தால் எந்தக் கணக்காளரும் நிமிர்ந்து உட்காருவார்.

கொக்ஸ் பின்னர் ஸ்கொட்லாந்து சென்று, ஹெல்த் விசிட்டராக இருந்த ஜெனிபர் ஹோல்டன், வைத்தியர் ரூத் சகோவ்ஸ்கி ஆகியோருடன் சேர்ந்து 1987இல் வெளியிட்டதுதான் எடின்பரோ வினாத்தாள். பத்தே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளி, மொத்தம் முப்பது. இதன் கெட்டித்தனம் எங்கே என்றால், நித்திரைக் குறைவு, களைப்பு, சாப்பாட்டில் விருப்பமின்மை போன்ற உடம்பு சம்பந்தமான கேள்விகளைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். பச்சைப்பிள்ளைக்காரிக்கு நித்திரை இல்லையென்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. நித்திரை கொள்ளவே கஷ்டப்படும் அளவுக்கு மனம் துயருற்றிருந்ததா என்பதே அங்குள்ள கேள்வி. பத்தாவது கேள்வி தன்னைத் தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதற்கு விடை "ஓம்" என்றால் மொத்தப் புள்ளி எதுவாக இருந்தாலும் உடனே கவனிக்க வேண்டும்.

ஹெல்த் விசிட்டர் என்ற வேலை 1862இல் சல்பேர்ட் நகரில் ஏழை வீடுகளுக்குப் போய்ச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கப் பெண்களை அனுப்பியதிலிருந்து வளர்ந்தது. ஊரில் எங்கள் வீட்டுக்கு வந்த குடும்பநல மருத்துவமாதின் ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம். தராசோடு வந்து பிள்ளையை நிறுத்துவிட்டுப் போன அவர்களை, தாயின் பக்கத்திலும் உட்காரச் சொன்னவர் ஹோல்டன். ஐம்பது தாய்மார் பங்குபற்றிய அந்தச் சோதனை 1989இல் வெளியானது. வாரம் ஒருமுறை, எட்டு வாரம், குறைந்தது அரை மணி நேரம். புத்திமதி சொல்வதில்லை, கேட்டுக்கொண்டிருப்பது. மூன்று மாதத்தின் முடிவில், இப்படிக் கவனிக்கப்பட்ட 26 பேரில் 18 பேர் தேறியிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த 24 பேரில் 9 பேர். சிறிய எண்ணிக்கைதான், ஐம்பது பேரை வைத்து நாட்டுக் கொள்கை வகுக்க முடியாது. ஆனால் இருபது ஆண்டு கழித்து, 2009இல், 101 வைத்திய நிலையங்களை உள்ளடக்கிய பெரிய ஆய்வும் அதே திசையைக் காட்டியது. பயிற்சி பெற்ற ஹெல்த் விசிட்டர்கள் கவனித்த தாய்மாரில், ஆறு வாரத்தில் அதிக புள்ளி பெற்றிருந்தவர்களுள், ஆறு மாதத்திலும் அப்படியே இருந்தவர்கள் 34 வீதம். மற்றப் பிரிவில் 46 வீதம். அந்தத் தொண்டு அமைப்பின் பயணச் செலவுக்கான விடை எனக்கு இங்கேதான் கிடைத்தது.

அதன்பின் வந்த செய்தி கடுமையானது. 1997 முதல் 1999 வரை நடந்த தாய்மார் மரணங்களைப் பற்றி 2001இல் வெளியான அறிக்கை, பிள்ளை பிறந்து ஓராண்டு வரையான மரணங்களையும் சேர்த்துப் பார்த்தால், தாமே உயிரை மாய்த்துக்கொண்டதே முதன்மைக் காரணம் என்று கண்டது. இரத்தப்போக்கையும் காய்ச்சலையும் இந்த நாட்டு வைத்தியம் வென்றுவிட்டது, இதை வெல்லவில்லை. மனநல வரலாற்றைக் கர்ப்ப காலத்திலேயே கேட்க வேண்டும் என்பது அதன்பிறகுதான் வழக்கமாயிற்று. 2007இல் வந்த தேசிய வழிகாட்டி, கடந்த ஒரு மாதமாக மனம் சோர்ந்து நம்பிக்கையற்று இருந்ததா, எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா என்ற இரண்டு கேள்விகளையாவது ஒவ்வொரு தாயிடமும் கேட்கச் சொன்னது. மிட்வைவ் அதைக் கேட்டால், "என்னைப் பைத்தியம் என்று நினைக்கிறாளோ" என்று கோபிக்க வேண்டாம். எல்லோரிடமும் கேட்கிறார்கள்.

விடுதிகள் எல்லா இடத்திலும் இருந்ததில்லை. முகவரியைப் பொறுத்து அதிர்ஷ்டம். வேல்ஸ் நாட்டில் கார்டிவில் இருந்த ஒரே விடுதி 2013இல் மூடப்பட்டு, 2021இல்தான் டொன்னாவில் புதியது திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்குள்ள தாய் ஒன்றில் இங்கிலாந்துக்கு வர வேண்டும், அல்லது பிள்ளையைப் பிரிந்து பொது விடுதியில் கிடக்க வேண்டும். ஸ்கொட்லாந்து மட்டும் இதைச் சட்டமாகவே எழுதியது. 2003ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு வைத்தியசாலை தேவைப்பட்டால், அவள் விரும்பினால், பிள்ளையும் கூடவே இருக்க வசதி செய்வது சுகாதார சபைகளின் கடமை என்கிறது. பிள்ளைக்கு ஆபத்து நேரக்கூடாது என்பதே நிபந்தனை.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். 2014இல் இலண்டன் பொருளியல் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். கர்ப்ப காலத்திலும் பிள்ளை பிறந்த முதலாண்டிலும் வரும் மனநோய்களால், பிரித்தானியாவில் ஓராண்டில் பிறக்கும் பிள்ளைகளை வைத்துப் பார்த்தால், நீண்டகால நட்டம் 8.1 பில்லியன் பவுண். அதில் 72 வீதம் தாயைச் சார்ந்ததல்ல, பிள்ளையின் எதிர்காலத்தைச் சார்ந்தது. இங்கிலாந்தில் சேவைகளை உரிய தரத்துக்கு உயர்த்த ஆண்டுக்கு ஏறத்தாழ 280 மில்லியன் பவுண் போதும் என்றும் சொன்னார்கள். இப்படியொரு ஐந்தொகையை என் வாடிக்கையாளர் எவரேனும் கொண்டு வந்தால், இன்னும் ஏன் பணம் போடவில்லை என்று கேட்டிருப்பேன். 2016இல் இங்கிலாந்து அரசு ஐந்தாண்டுக்கு 365 மில்லியன் பவுண் ஒதுக்கியது. 2019ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் எல்லாப் பகுதிகளிலும் வீட்டுக்கு வந்து பார்க்கும் சிறப்பு மனநலக் குழுக்கள் அமைந்துவிட்டன. தாதியம், வைத்தியம், உளவியல் எல்லாம் ஒரே குழுவில்.

ஆகவே அந்தக் கேள்விக்கு என் விடை இது. பிள்ளைக்கு உண்மையான ஆபத்து இருந்தால் சமூக சேவைகள் தலையிடும், மிகச் சில இடங்களில் நீதிமன்றம் பிரித்தும் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் மனச்சோர்வு என்று டொக்டரிடம் சொல்வது பிள்ளையைப் பறிப்பதற்கான காரணம் அல்ல. 1948இலிருந்து இந்தத் துறை செலவழித்த உழைப்பு முழுவதும் தாயையும் பிள்ளையையும் சேர்த்து வைத்திருப்பதற்காகத்தான். சொல்லாமல் மறைத்து, நிலைமை முற்றிய வீடுகளில்தான் ஆபத்து கூடுகிறது.

ஊரில் முப்பத்தொரு நாள் துடக்கு என்று சொல்லி, பிள்ளை பெற்றவளை அடுப்பண்டை விடாமல் வைத்திருந்தார்கள். பெயர் துடக்கு, பலன் ஓய்வு. காயம் அரைக்க ஒருவர், பிள்ளையைக் குளிப்பாட்ட ஒருவர், இரவில் தூக்கிவைத்திருக்க அம்மம்மா. இங்கே ஐந்தாம் மாடி அறையில் அம்மா இல்லை. அம்மாவுக்கு விசா மறுக்கப்பட்டிருக்கும், அல்லது அம்மாவே யுத்தத்தில் போயிருப்பார். கணவனுக்கு இரவு வேலை. வேலூர் ஆய்வு கண்ட காரணங்களைப் பாருங்கள்: குறைந்த வருமானம், ஆண்பிள்ளையை எதிர்பார்த்துப் பெண்பிள்ளை பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்பங்கள், கைகொடுக்க ஆளில்லாமை. வேலூர்க் கிராமத்துக்கு எழுதியதை எங்கள் தெருவுக்கும் வாசிக்கலாம். மாமியார் வந்து கூட இருப்பதாலேயே உதவி கிடைத்துவிட்டதென்று கணவன்மார் நினைக்க வேண்டாம் என்பதையும் மெதுவாகச் சொல்லி வைக்கிறேன். பெங்களூரில் 2009இல் நிம்ஹான்ஸ் நிறுவனம் தாய் சேய் விடுதி திறந்தபோது, நோயாளியோடு உறவுப் பெண் ஒருவரும் தங்கும் வழக்கத்தைக் கைவிடவில்லை. எங்கள் பக்கத்துக்கு ஏற்ற ஏற்பாடு அது.

கடைசியாக மொழி. எடின்பரோ வினாத்தாளுக்குத் தமிழ் வடிவம் இருக்கிறது, அதைத் தமிழ்நாட்டில் சரிபார்த்து 2005இல் வெளியிட்டார்கள். ஆனால் வினாத்தாளை மொழிபெயர்ப்பது வேறு, பெண்ணின் வாயை மொழிபெயர்ப்பது வேறு. எங்கள் பெண்கள் "மனச்சோர்வு" என்று சொல்ல மாட்டார்கள். "நெஞ்சு பாரமாக் கிடக்கு", "உடம்பெல்லாம் உழைவு", "ஒரே யோசனை" என்பார்கள். யாழ்ப்பாணத்தில் "யோசிக்கிறன்" என்றால் கவலைப்படுகிறேன் என்றே பொருள். அதைச் சிந்திக்கிறேன் என்று ஆங்கிலத்தில் போட்டால், தாதி தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். மொழிபெயர்ப்பவர் கணவனாகவோ மாமியாராகவோ இருந்தால், பத்தாவது கேள்வி கேட்கப்படவே மாட்டாது. எட்டு வயது மூத்த மகளை வைத்து மொழிபெயர்ப்பிக்கும் வீடுகளும் உண்டு. அது அந்தப் பிள்ளைக்கும் செய்யும் அநியாயம்.

தொழில்முறை மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம், ஜி.பி.யிடமும் மிட்வைவிடமும் ஹெல்த் விசிட்டரிடமும். நேரம் குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள், வந்தபின் கேட்டால் ஆள் கிடைப்பது கஷ்டம். இங்கிலாந்தில் மனநல அவசரத்துக்கு எந்த நேரமும் 111ஐ அழைத்து 2ஐ அழுத்தலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 999. பெண் மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும், இலங்கைத் தமிழ் தெரிந்தவர் வேண்டும், எங்கள் ஊர்க்காரரோ சொந்தக்காரரோ வேண்டாம் என்றும் சொல்லலாம். நேரில் ஆள் இல்லாவிட்டால் தொலைபேசியில் தருவார்கள். முகம் தெரியாத குரல் என்பதால் அது சிலருக்கு இன்னும் வசதியாக இருக்கிறதாம்.